தேன் குடித்தால் குடல் அழற்சி ஆறுமா? சண்டிகர் எலிகளும் செட்டியார்பட்டி தேன் பாட்டிலும்

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டிக்குப் போகிற வழியில் மேற்கே திரும்பிப் பார்த்தால் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்ற பெயர் அதற்கு 2021-ல்தான் வந்தது. ஆனால், மலைத்தேன் எத்தனையோ தலைமுறையாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. செண்பகத்தோப்பு, அய்யனார்கோயில் பக்கம் வாழும் பளியர் மக்கள் எடுத்து வரும் தேன் என்றால் இந்த வட்டாரத்தில் தனி மரியாதை.

சளிக்குத் தேன், இருமலுக்குத் தேன், சூரணம் குழைக்கத் தேன், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கவும் தேன். இந்த வரிசையில் வாட்ஸ்அப் இப்போது ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது. குடல் அழற்சிக்குத் தேனும், தேன் கூட்டிலிருந்து எடுக்கும் பிசினும், ராயல் ஜெல்லியும் கண்கண்ட மருந்து. இவை இருந்தால் மாத்திரையே தேவையில்லை என்கிற செய்தி அது. கூடவே, 'வெளிநாட்டு ஆராய்ச்சியில் நிரூபணம்' என்ற ஒட்டும் இருக்கும்.

இந்தச் செய்தியின் முதல் பாதியை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆராய்ச்சி உண்மையாகவே நடந்திருக்கிறது. வெளிநாட்டில் மட்டுமல்ல, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. சிக்கல் இரண்டாவது பாதியில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

எந்தக் குடல் நோய்?

நம் ஊரில் வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் மூன்று பெயர்கள்தான். மேல் வயிறு எரிந்தால் அல்சர். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம். அடிக்கடி போனால் சூடு. இந்த மூன்றுக்குள்ளும் அடங்காத ஒரு நோய்தான் இங்கே பேச்சு.

மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஐ.பி.டி என்பார்கள். அதாவது குடல் அழற்சி நோய். அதில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி ரத்தமும் சளியும் போவது 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வந்து, குடல் சுவரை ஆழமாக அரிப்பது 'குரோன்ஸ்'. இந்த இரண்டாவதை 1932-ல் அமெரிக்க மருத்துவர் பர்ரில் குரோன் தன் சக மருத்துவர்களுடன் சேர்ந்து விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

கிருமியைத் தாக்க வேண்டிய நம் எதிர்ப்பு சக்தியே சொந்தக் குடலைத் தாக்குகிறது என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். பரம்பரை, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மாற்றம், சுற்றுச்சூழல் என எல்லாம் சேர்ந்து அதைத் தூண்டுகின்றன. ஒரு காலத்தில் மேலை நாட்டு நோய் என்று நினைத்தார்கள். 2017 நிலவரப்படி உலகம் முழுக்கச் சுமார் 68 லட்சம் பேருக்கு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. இந்தியாவிலும் நோயாளிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதிலும் இளம் வயதில், படிக்கிற, வேலைக்குப் போகிற பருவத்தில்தான் அதிகமாக ஆரம்பிக்கிறது.

செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் நைட்டி தைக்கிற தொழிலில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். மெஷினை விட்டு எழுந்தால் வேலை நின்றுவிடும். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை கழிப்பறைக்கு ஓடவேண்டிய நோய் அங்கே ஒருவருக்கு வந்தால் அதை வெளியில் சொல்வதே பெரும் பாடு. சொன்னாலும், 'சூட்டு உடம்பு, தேன் சாப்பிடு' என்ற பதில்தான் முதலில் வரும். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். அதனால்தான் தட்டவும் முடிவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஐ.பி.எஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஐ.பி.எஸ்ஸில் வலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல் எல்லாம் வரும், ஆனால் குடலில் புண் இருக்காது. ரத்தம் வராது. பொதுவாகத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்காது. ஐ.பி.டி எழுப்பும். எடை குறையும், ரத்தசோகை வரும், சிலருக்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் சேரும். தேன் பற்றிய செய்திகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவை.

30 எலிகள், 5 குழுக்கள்

சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ என்கிற முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேனையும் குடல் அழற்சியையும் பற்றி எங்கே பேசினாலும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது.

30 எலிகள். எலிகளின் பெருங்குடலுக்குள் டி.என்.பி.எஸ் என்ற ரசாயனத்தைச் செலுத்தி வேண்டுமென்றே அழற்சி உண்டாக்கினார்கள். குழுவுக்கு ஆறு எலிகளாக ஐந்து குழுக்கள். இரண்டு குழுக்களுக்கு வாய்வழியாக மனுகா தேன்: ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம், மற்றொன்றுக்கு 10 கிராம். இன்னொரு குழுவுக்கு சல்பாசலசின், அதாவது மருத்துவர்கள் காலங்காலமாக இந்த நோய்க்கு எழுதித்தரும் மாத்திரை. மற்ற இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க.

தேன் கொடுத்த எலிகளின் குடலில் அழற்சி குறைந்திருந்தது. திசுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றச் சேதமும் குறைந்திருந்தது. இதில் ஒரு சுவாரஸ்யம், திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது குறைந்த அளவு தேன் கொடுத்த குழுவில்தான் புண் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. நிறையக் கொடுத்தால் நிறையக் குணமாகும் என்ற கணக்கு அங்கேயே இடிக்கிறது.

அதே குழுவினர் அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தார்கள். தேனையும் சல்பாசலசினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்ததில் பலன் தெரிந்தது. கவனியுங்கள், அங்கே தேன் மாத்திரையோடு சேர்ந்து வந்தது. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வரவில்லை.

இவர்களுக்கு முன்பே, 2002-ல் துருக்கியில் ஒரு குழு எலிகளுக்குத் தேனையும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டையும் கொடுத்து ஒப்பிட்டிருந்தது. அங்கும் தேனுக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு ராயல் ஜெல்லி, தேனீப் பிசின், மகரந்தம் என ஒவ்வொன்றையும் எலி, சுண்டெலிக் குடலில் சோதித்துப் பார்த்த கட்டுரைகள் பல வந்துவிட்டன. பெரும்பாலும் நல்ல முடிவுகளே. ஆக, 'ஆராய்ச்சி இருக்கிறது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

எலியிலிருந்து மனிதனுக்கு

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா? இங்கே மூன்று இடத்தில் கால் தடுக்குகிறது.

முதலாவது, நோயே வேறு. எலிக்கு ரசாயனம் கொடுத்து உண்டாக்கிய புண், சில நாளில் தானாகவே ஆறத் தொடங்குகிற புண். மனிதருக்கு வருவது வருடக்கணக்கில் வந்து வந்து போகிற நோய். எலிகளில் நன்றாக வேலை செய்து, மனிதரிடம் வந்ததும் கைவிரித்த மருந்துகள் ஏராளம்.

இரண்டாவது, அளவு. கிலோவுக்கு 5 கிராம் என்பதை அப்படியே 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பெருக்கினால் 300 கிராம். அப்படி நேரடியாகப் பெருக்கக்கூடாது, எலிக்கும் மனிதனுக்கும் உடல் இயங்கும் வேகம் வேறு என்பதால் ஆய்வாளர்கள் வழக்கமாக ஆறால் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் தினமும் 50 கிராம் தேன். அதில் சுமார் 40 கிராம் சர்க்கரை. தேனில் இருக்கும் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்பட்ட சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன் விட்டுக் குடிப்பவர், ஆய்வில் கொடுத்த அளவின் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த அளவுக்குப் போக நினைத்தால் சர்க்கரை வந்து நிற்கும்.

மூன்றாவது, போய்ச் சேரும் இடம். தேனில் பெரும்பகுதி ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்ற எளிய சர்க்கரைகள். இவை சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதோ பெருங்குடலில். வாயில் விட்ட தேனில் எவ்வளவு அந்தப் புண் வரைக்கும் போய்ச் சேரும்? மெசாலமின் மாத்திரைக்கு மேல் தனிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். வயிற்றில் கரையாமல், குடலின் கடைசிப் பகுதிக்குப் போய்க் கரையவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கரண்டித் தேனுக்கு அந்த வழித்துணை கிடையாது.

ஃபிரக்டோஸ் எல்லோருக்கும் முழுதாக உறிஞ்சப்படுவதும் இல்லை. மீதி பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனியாகி, வாயுவும் பேதியுமாக வெளிவரும். தேன் குடித்த பிறகு வயிறு இரைச்சல் போடுகிறது என்று சிலர் சொல்வது இதனால்தான். ஏற்கெனவே பேதியில் இருப்பவருக்கு இது கூடுதல் தொல்லை.

மனிதர்களிடமும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. 1985-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வயிற்றுப்போக்கு வந்த 169 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலில் குளுக்கோஸுக்குப் பதில் தேன் கலந்து கொடுத்தார்கள். பாக்டீரியாவால் வந்த பேதி 93 மணி நேரம் நீடித்தது 58 மணி நேரமாகக் குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால், அது கிருமியால் வந்த பேதி, குடல் அழற்சி நோய் அல்ல. (அதில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். இன்றைய மருத்துவம் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்கக்கூடாது என்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து 'பாட்டுலிசம்' என்ற நரம்பு நோயைக் கொடுக்கலாம். சேனை வைக்கும் பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.)

ஈரானில் தேனீப் பிசின் மாத்திரையைத் தினம் 900 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்து, 2022-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வயிற்று வலி குறைந்தது. ஆனால், அது ஐ.பி.எஸ் நோயாளிகளிடம் செய்தது. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம் என்று சொன்னோமே, அந்த எழுத்துதான் பல செய்திகளில் காணாமல் போகிறது.

குடல் அழற்சி நோய்க்குத் தேனை மட்டும் நம்பலாம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய மனித ஆய்வு எதுவும் மருத்துவர்களின் கையில் இல்லை. எந்த மருத்துவ அமைப்பும் தேனை இந்த நோய்க்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவும் இல்லை.

பிசின் எந்த மரத்துப் பிசின்?

தேனீப் பிசினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். புரோபொலிஸ் என்ற பெயரில் கேப்சூலாகவும் சொட்டு மருந்தாகவும் ஆன்லைனில் விற்பது இதுதான்.

மரத்தின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ கொண்டுவந்து, மெழுகோடு குழைத்து, கூட்டின் ஓட்டைகளை அடைக்கும். கிருமி உள்ளே வராமல் இருக்க அது போடும் பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 'கேப்' என்று ஆய்வாளர்கள் சுருக்கி அழைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. உடலில் அழற்சியைக் கிளப்பிவிடும் ஒரு முக்கியமான ஸ்விட்சை அது அணைக்கிறது என்று 1996-லேயே செல்களில் சோதித்துக் காட்டினார்கள். தேனைவிடப் பிசினிடம்தான் ஆய்வாளர்கள் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால், அந்த 'கேப்' முக்கியமாக வருவது பாப்லர் மரத்துப் பிசினிலிருந்து. ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளின் மரம் அது. பிரேசில் நாட்டின் பச்சைப் பிசின் வேறொரு செடியிலிருந்து வருகிறது, அதில் உள்ள சரக்கும் வேறு. ராஜபாளையம் மலையடிவாரத்தில் தேனீ எந்த மரத்துக்குப் போகிறதோ அந்த மரத்துச் சரக்குதான் அதன் பிசினில் இருக்கும். லேபிளில் ஒரே பெயர், டப்பாவுக்குள் வேறு வேறு பொருள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நம் ஊர்ப் பெட்டிகளில் வளர்க்கும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, இந்தப் பிசினைச் சேர்ப்பதே இல்லை என்று சொல்லலாம். பிசின் சேர்ப்பது இத்தாலியத் தேனீயும், கொடுக்கில்லாத கொசுத் தேனீயும்தான். எனவே, 'நம்ம ஊரு பெட்டித் தேனீயின் புரோபொலிஸ்' என்று யாராவது விற்றால், எந்தத் தேனீ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மனுகா தேனுக்கும் இதே கதைதான். நியூசிலாந்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் பூவிலிருந்து வருவது அது. அதன் கிருமி கொல்லும் சக்திக்குக் காரணமான மெத்தில்கிளையாக்ஸல் என்ற பொருள் மற்ற தேன்களில் மிகக் குறைவு. சண்டிகர் எலிகள் சாப்பிட்டது மனுகா. செட்டியார்பட்டி பாட்டிலில் இருப்பது மலைத்தேன். மலைத்தேன் மட்டம் என்று அர்த்தமில்லை. ஒன்றின் சான்றிதழை இன்னொன்றுக்கு ஒட்ட முடியாது, அவ்வளவுதான்.

பாட்டிலில் இருப்பது தேன்தானா என்ற கேள்வி வேறு இருக்கிறது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கலாம். கடைகளில் விற்ற 13 பிராண்டுகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று என்றது அந்த மையம். சர்க்கரைப் பாகு கலப்படம் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மறுத்தன. எது எப்படியோ, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் எதையும் நிரூபிக்காது. ஆய்வுக்கூடச் சோதனைகளையே ஏமாற்றத் தெரிந்த பாகுக்கு எறும்பு எம்மாத்திரம்?

ராயல் ஜெல்லியும் ரத்தமும்

ராணித் தேனீக்கு ஊட்டப்படும் பால் போன்ற பொருள்தான் ராயல் ஜெல்லி. எலிகளிடம் இதற்கும் நல்ல முடிவுகள் உண்டு. ஆனால், 1997-ல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு மருத்துவக் குறிப்பு நேர் எதிராகப் பேசியது. 53 வயதுப் பெண் ஒருவர் ராயல் ஜெல்லி சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆவதற்குள் வயிற்று வலி, ரத்தப்பேதியோடு மருத்துவமனைக்கு வந்தார். பெருங்குடலில் ரத்தக் கசிவோடு கூடிய அழற்சி. குடல் அழற்சிக்கு மருந்து என்று விற்கப்படும் அதே பொருள்!

இது அபூர்வம். ஆனால், ராயல் ஜெல்லியால் ஆஸ்துமா கிளம்புவதும், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருவதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களும், ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர்களும் தொடாமல் இருப்பதே நல்லது. தேனீயைக் கொட்டவிட்டுச் செய்யும் வைத்தியத்தை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். அதனால் ஒவ்வாமை ஏற்பட்டு 55 வயதுப் பெண் ஒருவர் இறந்ததை ஸ்பெயின் மருத்துவர்கள் 2018-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

'எனக்குக் கேட்டுச்சே!'

இவ்வளவும் படித்துவிட்டு, 'எங்க மாமாவுக்குத் தேன்ல சரியாப் போச்சு' என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த நோயின் குணமே அப்படி. சில மாதம் ஆட்டிப் படைக்கும், பிறகு தானாகவே அடங்கும். அடங்கிய நேரத்தில் கையில் என்ன பாட்டில் இருந்ததோ அதற்குத்தான் பெயர் போகும். மறுபடி நோய் கிளம்பும்போது, 'தேன் கேட்கவில்லை' என்று சொல்ல மாட்டோம், 'பத்தியம் தவறிவிட்டது' என்போம்.

ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கி நன்றாக இருந்த 99 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லோருக்கும் மெசாலமின் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 89 சதவிகிதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 39 சதவிகிதம் பேர்தான் தப்பினார்கள். மறுபடி நோய் வரும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். உடம்பு நன்றாக இருக்கும்போது சாப்பிடும் மாத்திரைதான் உடம்பை நன்றாக வைத்திருக்கிறது என்பதை நம்புவது கஷ்டம். இரண்டாவது ஃபார்வர்டு வந்ததும் கை தானாக நின்றுவிடும்.

இயற்கைப் பொருள் என்றாலே மருத்துவம் ஒதுக்கிவிடும் என்பதும் சரியில்லை. மஞ்சளைப் பாருங்கள். ஜப்பானில் நோய் அடங்கிய நிலையில் இருந்த 89 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான மாத்திரையோடு தினம் 2 கிராம் குர்குமின், மறு பிரிவுக்கு மாத்திரையோடு வெறும் டம்மி கேப்சூல் எனக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் குர்குமின் பிரிவில் நோய் திரும்பியவர்கள் 43 பேரில் இரண்டு பேர். டம்மி பிரிவில் 39 பேரில் எட்டுப் பேர். இந்த முடிவு 2006-ல் வெளியானது. அதற்குப் பிறகு குர்குமினைத் துணை மருந்தாக மருத்துவர்கள் பேச ஆரம்பித்தார்கள். (சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் மூன்று சதவிகிதம் அளவில்தான் இருக்கும். 2 கிராமுக்கு எத்தனை கரண்டி என்று கணக்குப் போட்டால் ரசமே குடிக்க முடியாது.) தேனுக்கும் பிசினுக்கும் இப்படி ஒரு சோதனை வேண்டும். ஒரே மாதிரி தயாரித்த பொருள், நூறு பேராவது நோயாளிகள், யாருக்கு எது போகிறது என்று யாருக்கும் தெரியாத ஏற்பாடு, கொலோனோஸ்கோபியில் புண் ஆறியதா என்ற பரிசோதனை. இதெல்லாம் நடந்து தேறினால் தேனும் மருந்துச் சீட்டில் ஏறும்.

தேனின் நல்ல பெயர் வேறு இடங்களில் சம்பாதித்தது. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் 104 தீக்காய நோயாளிகளிடம் தேன் கட்டுப் போட்டுச் சோதித்த ஆய்வு 1991-ல் வந்தது. அங்கே புண் கண்ணுக்கு முன்னால் இருந்தது, தேன் நேராக அதன் மேல் பட்டது. குழந்தைகளின் இருமலுக்கும், ஒரு வயதைத் தாண்டியிருந்தால், தேன் உதவுகிறது. சித்த மருத்துவத்திலும் தேனுக்குப் பெரும்பாலும் அனுபான வேலைதான். மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணை. அந்த இடத்தை நம் முன்னோர் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

தேன் சாப்பிடுவதா, வேண்டாமா?

நோய் அடங்கியிருக்கும் நேரத்தில், சர்க்கரை நோய் இல்லாதவர், வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு ஸ்பூன் தேன் சாப்பிடுவதில் தவறில்லை. அது உணவு. நோய் கிளம்பியிருக்கும்போது, அதுவும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிடும்போது, கவனம் வேண்டும். ஸ்டீராய்டே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதன் மேல் தினமும் தேன் ஊற்றினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அசாதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், காய்ச்சி வடிகட்டாத பச்சைத் தேனையோ மகரந்தத்தையோ மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பிசின் கேப்சூலுக்கும் இதே விதிதான். மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். 'திட்டுவாரோ' என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

இன்னும் பரிசோதனையே செய்யாதவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். பேதி நான்கு வாரத்தைத் தாண்டினால், மலத்தில் ரத்தமோ சளியோ வந்தால், இரவில் எழுந்து ஓட வேண்டியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் தேன் பாட்டிலைத் தேட வேண்டாம். மூலம் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். நம் நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. குடலில் வரும் காசநோய், குரோன்ஸ் நோயைப் போலவே வேஷம் போடும். ஸ்கேனில், கொலோனோஸ்கோபியில்கூட இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவர்களே திணறுவார்கள். காசநோய்க்கு ஆறு மாத மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சாப்பிட்டால் குணமாகிவிடும். தேன் குடித்துக்கொண்டே காத்திருந்தால் குடல் சுருங்கி அடைப்பு வரை போகும். காசநோயை குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தாலும் ஆபத்து. அதனால்தான் கையில் திசுச் சோதனை முடிவு இல்லாமல் யாரும் எதையும் ஆரம்பிக்கக்கூடாது.

முதல் படி பெரிய செலவில்லை. ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் காட்டி, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கலாம். மலத்தில் 'கால்புரோடெக்டின்' என்ற புரதத்தை அளந்தால் குடலில் அழற்சி இருக்கிறதா, வெறும் ஐ.பி.எஸ்தானா என்று ஓரளவு தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தனியார் ஆய்வுக்கூடங்கள் செய்கின்றன. அழற்சி என்று தெரிந்தால் அடுத்தது கொலோனோஸ்கோபி. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல் நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலை பஸ் பிடித்தால் புறநோயாளிச் சீட்டு எடுக்கும் நேரத்துக்குள் போய்விடலாம். முதல் நாள் இரவே, எத்தனை நாளாகப் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, ரத்தம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, என்னென்ன நாட்டு மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும், மீதியைச் சொல்லக் கூச்சம் வரும். சீட்டை நீட்டிவிட்டால் போதும்.